விலைக்கு வாங்கிய சோறு

நாற்பது வயதைத் தாண்டிய ஒருவன் தன் தாயாரிடம் பொய் சொன்னால் அது பெரும்பாலும் சொத்து விஷயமாகவோ உடம்பு விஷயமாகவோ இருக்கும். நான் சொன்ன பொய் ரசத்தைப் பற்றியது.

குளிர்காலத்தில் லண்டனில் காலை ஏழரை மணி என்றால் கும்பகோணத்தில் பிற்பகல் ஒரு மணி. அம்மா சாப்பிட்டுவிட்டு, ஊஞ்சலில் உட்கார்ந்து எங்களுக்கு டெலிபோன் செய்கிற நேரம். இங்கேயோ, ஒரு குழந்தைக்குக் காலுறையும் இன்னொரு குழந்தைக்குக் கணக்கு நோட்டும் தேடிக் கொண்டிருக்கிற நேரம். அம்மாவின் முதல் கேள்வி உடம்பைப் பற்றி. இரண்டாவது கேள்வி, "நேற்று ராத்திரி என்ன சமையல்?" என்பது. அன்று அதற்கு நான், "மிளகு ரசமும் உருளைக்கிழங்குக் கறியும்" என்று கூசாமல் சொன்னேன்.

உண்மையில் முந்தின இரவு எங்கள் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. தெருமுனையில் இருக்கும் நேபாளி ஹோட்டலிலிருந்து எடுப்புச் சாப்பாடு வாங்கி வந்து, நானும் குழந்தைகளும் சாப்பிட்டுவிட்டு, நாலாவது பங்கை என் மனைவிக்காக மூடி வைத்திருந்தோம். பக்கத்தில் நின்ற என் பெண், ஒன்பது வயதுக்காரி, என்னை நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லக்கூடாது என்று நான் அவளுக்குச் செய்திருக்கும் உபதேசங்களெல்லாம் அந்த ஒரு பார்வையில் திரும்பி வந்துவிட்டன.

நான் ஏன் பொய் சொன்னேன்? சின்ன விஷயந்தான். ஆனால் சின்ன விஷயத்துக்காக ஒருவன் பொய் சொல்கிறான் என்றால், அதற்கு அடியில் ஏதோ பெரிய விஷயம் மறைந்திருக்க வேண்டும். அதைத் தோண்டிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது லண்டனின் தென்கிழக்கே, பிளம்ஸ்டெட் என்ற பகுதியில். பக்கத்து ஊல்விச்சிலும் இங்கும் நேபாளிகள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1815-ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேயர் தங்கள் படையில் கூர்க்கா வீரர்களைச் சேர்த்து வந்தார்கள். ஆனால் அந்த வீரர்கள் ஓய்வு பெற்ற பின் இங்கிலாந்தில் குடியேறலாம் என்ற உரிமை 2004-இல்தான் கிடைத்தது. அதுவும் 1997-க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் 2009 வரை போராட வேண்டியிருந்தது. இரு நூற்றாண்டுகள் உயிரை வாங்கிக்கொண்ட தேசம், ஒரு வீடு வாடகைக்கு எடுத்துக்கொள் என்று சொல்வதற்கு அத்தனை நாள் எடுத்துக்கொண்டது. அப்படி வந்து குடியேறிய ஒரு பழைய சிப்பாயின் பிள்ளைதான் எங்கள் தெருமுனையில் ஹோட்டல் வைத்திருக்கிறார். ஆறு மேஜை, ஒரு பொட்டலம் கட்டும் மேடை, சுவரில் மச்சபுச்சரே சிகரத்தின் படம்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரத்தில் இரண்டு நாள் அவளுக்குப் பின்மாலை வேலை. வீடு வர இரவு பத்து மணியாகும். நான் அலுவலகத்திலிருந்து ஓடி வந்து, குழந்தைகளைக் காப்பகத்திலிருந்து அழைத்துக்கொண்டு, ஆறரை மணிக்கு வீட்டுக் கதவைத் திறக்கிறபோது, மூன்று பேருக்கும் பசி. மூன்று பேருக்கும் கோபம். அப்படிப்பட்ட ஒரு புதன்கிழமை, மழையில், மூன்று பேருமாக அந்த ஹோட்டலுக்குள் ஒதுங்கினோம். என் பையன் பலகையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தான். "தால், பாத்" என்றான். பருப்பும் சோறும்! பத்து ஊர் தாண்டி வந்தும் மனிதன் தேடுவது அதைத்தானே? வாங்கிக்கொண்டு வந்தோம்.

நேபாளத்துச் சாப்பாடு நம் சாப்பாட்டுக்குத் தூரத்து உறவல்ல, ஒன்றுவிட்ட சகோதரம். சோறு, பருப்பு, ஒரு காய், தக்காளியில் செய்த அசார் என்னும் துவையல். பருப்பில் நாம் கடுகும் பெருங்காயமும் தாளிக்கிற இடத்தில் அவர்கள் ஜிம்பு என்ற மலைப் புல்லை நெய்யில் பொரித்துப் போடுகிறார்கள். அது வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் நடுவே ஒரு வாசனை. துவையலில் தீமூர் என்று ஒரு மலை மிளகு. நாக்கைச் சற்று மரத்துப் போகச் செய்யும். கீரையைப் புளிக்க வைத்துக் காயப் போட்டுச் செய்கிற குந்துருக்கில் நம் வீட்டு வற்றல் குழம்பின் குணம் இருந்தது. மொமோவை என் பையன் "காரக் கொழுக்கட்டை" என்று பெயரிட்டு ஆறு தின்றான். வீட்டில் நான் கெஞ்சினாலும் அரைக் கரண்டிப் பருப்பு சாப்பிடாத என் பெண், கிண்ணத்தை வழித்துவிட்டு, "நம் வீட்டுப் பருப்பைவிட இது நன்றாக இருக்கிறது" என்றாள்.

அன்றிலிருந்து புதன்கிழமை எங்களுக்கு நேபாளக் கிழமை ஆயிற்று. அம்மாவுக்கு மட்டும் அது ரசக் கிழமை.

பொய்க்குக் காரணம் ஆசாரமாக இருக்கலாம் என்று முதலில் எண்ணினேன். என் பாட்டி ரயிலில் இரண்டு நாள் போனாலும் வெளியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். யார் கை பட்டதோ என்று பயம். அந்தப் பயம் நம்முடைய ஹோட்டல் பலகைகளிலேயே ஒரு காலத்தில் எழுதியிருந்தது. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் பலகையிலிருந்த ஜாதிப் பெயரை எடுக்க வேண்டுமென்று பெரியார் கிளர்ச்சியே நடத்தினார். நேபாளத்திலோ அது பலகையில் மட்டுமல்ல, சட்டத்திலேயே இருந்தது. ஜங் பகதூர் ராணா 1854-இல் கொண்டுவந்த முலுகி ஐன் என்ற சட்டம், யார் கையால் தண்ணீர் வாங்கலாம், யார் கையால் வாங்கக்கூடாது என்று ஜனங்களை வரிசைப்படுத்தியது. வேக வைத்த சோற்றுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். 1963-இல் வந்த புதிய சட்டந்தான் அதை ஏட்டிலிருந்து எடுத்தது. மனிதனை மனிதன் தாழ்த்துவதற்குச் சோற்றைப்போல வசதியான ஆயுதம் வேறு கிடைக்கவில்லை போலும். மலை உச்சியிலும் காவேரிக் கரையிலும் அதே ஆயுதந்தான்.

ஆனால் அந்தப் பயம் எனக்கு இல்லை. அம்மாவுக்கும் அது போய்ப் பல வருஷம் ஆகிறது. ஆகவே பொய்க்கு அது காரணமல்ல.

உண்மைக் காரணம் வேறு. குழந்தைக்குச் சமைத்துப் போடுவதுதான் அன்பு என்று நான் வளர்ந்தேன். 'கைமணம்' என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. அம்மாவின் கைமணம் என்று சொல்லும்போது நாம் உப்பையும் புளியையுமா சொல்கிறோம்? அவள் நமக்காகச் செலவழித்த காலத்தைச் சொல்கிறோம். அந்தக் காலத்தை நான் என் குழந்தைகளுக்குக் கொடுக்காமல், அதற்குப் பதிலாகப் பணத்தைக் கொடுத்துவிட்டேன் என்பது என் கூச்சம்.

இதையும் புரட்டிப் பார்த்தேன். சோறு வடிப்பதுதான் அன்பின் அளவு என்றால், என் தகப்பனார் எங்களிடம் அன்பே இல்லாதவர் என்று ஆகும். அவர் ஆயுளில் ஒருநாள்கூட அடுப்படியில் நின்றதில்லை. அவருடைய அன்பை யாரும் கரண்டியால் அளந்ததில்லை. அம்மாவின் அன்பை மட்டுமே அளந்தோம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில்கூட அளந்தோம். இப்போது நான் அடுப்படியில் நிற்கிற தகப்பன் ஆனபோது, அந்த அளவுகோல் என் முதுகில் படுகிறது. அப்போதுதான் அது எத்தனை கொடுமையான கோல் என்று தெரிகிறது. சாப்பாடு கடையிலிருந்து வந்த அந்தப் புதன்கிழமைகளில், குழந்தைகளோடு நான் உட்கார்ந்து பேசினேன். சமைத்த நாட்களில் சட்டியோடு பேசினேன். குழந்தைகளுக்கு எது அதிகம் கிடைத்தது?

இப்படி வாதாடி, என்னை நானே விடுதலை செய்துகொண்டேன். குற்றம் இல்லை, விலை கொடுத்தேன், வாங்கினேன், கணக்குத் தீர்ந்தது.

கணக்குத் தீர்ந்தது என்ற அந்த இடத்தில்தான், நான் நினைத்தே பாராத ஒரு கேள்வி முளைத்தது.

சமைத்த சோற்றை விற்பதை நம் முன்னோர்கள் கௌரவமாக எண்ணவில்லை. அந்தணர்கள் விற்கக்கூடாத பொருள்களில் சமைத்த உணவையும் மனு ஸ்மிருதி சேர்த்திருக்கிறது. சோறு விற்பதற்கல்ல, இடுவதற்கு என்பது எண்ணம். அதனால்தான் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரம் கட்டினார்கள். வள்ளலார் 1867-இல் வடலூர்த் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. இவையெல்லாம் பெரிய காரியங்கள். ஆனாலும் விலைக்குச் சோறு என்பதைக் கேவலமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. இலவசச் சோற்றுக்குக் கை நீட்டுகிறவன் சற்றே குனிய வேண்டியிருக்கிறது. விலை கொடுத்தவன் நிமிர்ந்து உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்று கேட்கலாம். ஜாதி பார்த்துப் பந்தி பிரித்த நாட்டில், காசு வாங்கிக்கொண்டு எல்லாரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது பிற்காலத்து ஹோட்டல்தான். விலைக்கு ஒரு தருமம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

விலையால் கடன் முழுவதும் அடைபட்டுவிடுகிறதா என்பதுதான் என் கேள்வி. விலை கொடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? பிறரை ஏன் சொல்ல வேண்டும், என்னையே சொல்கிறேன். ஒரு புதன்கிழமை சாப்பாடு வர இருபது நிமிஷம் தாமதம். பையன் தூக்கத்தில் என் தோளில் சாய்ந்துவிட்டான். நான் கையிலிருந்த நாணயத்தால் மேடையைத் தட்டினேன். டக், டக் என்று. பேசக்கூட இல்லை. உள்ளேயிருந்து சமையற்காரர் எட்டிப் பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மன்னிக்கும்படி கையால் சைகை செய்துவிட்டு, மறுபடி உள்ளே போனார். வீட்டில் என் மனைவி தாமதித்திருந்தால் நான் இப்படித் தட்டியிருப்பேனா? தட்டியிருந்தால் அன்று எனக்குச் சோறு கிடைத்திருக்குமா? காசு கொடுத்த இடத்தில் மட்டும் எனக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

அந்தச் சமையற்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மேடையில் நிற்கும் பையன் அவரை 'தாய்' என்று கூப்பிடுவான். நேபாளியில் அதற்கு அண்ணன் என்று பொருள். முதல் எழுத்தை அழுத்தாமல் மென்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் தமிழில் எழுதினால் தாய் என்றுதான் எழுத முடிகிறது. என் குழந்தைகளுக்கு அந்த வேடிக்கை பிடித்துப்போய், அவர்களும் 'தாய்' என்றே அழைக்க ஆரம்பித்தார்கள். நான் உள்ளே நுழையும்போதெல்லாம் அவர் எட்டிப் பார்த்து, "கானா கானு பயோ?" என்பார். அங்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நேபாளிகள். என் நிறத்தைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ, என்னிடமும் அதே கேள்விதான். 'கானா' என்றால் சாப்பாடு என்பது தெரியும். ஆகவே, என்ன சாப்பாடு வேண்டும் என்று கேட்கிறார் என எண்ணி, "மூன்று தால்-பாத், ஒரு தட்டு மொமோ" என்று நான் பதில் சொல்வேன். அவர் சிரித்துக்கொண்டு உள்ளே போவார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி சுமாருக்கு அங்கே போனேன். கடையில் கூட்டமில்லை. சமையலறைக் கதவு திறந்திருந்தது. அவர் உப்பு டப்பாவின்மேல் டெலிபோனைச் சாய்த்து வைத்துவிட்டு, மொமோவுக்கு மாவு வட்டங்களை மடித்துக் கொண்டிருந்தார். டெலிபோன் திரையில் ஒரு சிறுமி தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவர் ஏதோ சொல்ல, அவள் முகத்தைச் சுளித்து, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பருப்பைத் தின்னச் சொல்லியிருக்க வேண்டும். உலகத்தில் எந்த மொழியில் சொன்னாலும் அந்தச் சுளிப்பு ஒன்றுதான்.

மேடைப் பையனைக் கேட்டேன். அவருடைய மனைவியும் பெண்ணும் பொக்கராவுக்கு அருகில் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். நேபாளக் கடிகாரம் குளிர்காலத்தில் லண்டன் கடிகாரத்தைவிட ஐந்தே முக்கால் மணி முன்னால் ஓடுகிறது. இங்கே இரண்டேகால் என்றால் அங்கே இரவு எட்டு. மகள் சாப்பிடுகிற நேரம். இங்கே அடுப்பு ஓய்ந்த நேரம். அதனால் தினமும் அந்த நேரத்தில் அவர் மகளைப் பார்த்துக்கொள்வார். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதன்கிழமை இரவு ஏழு மணிக்கு என் குழந்தைகள் அவர் சமைத்த சோற்றைச் சாப்பிடும்போது, அங்கே நள்ளிரவு தாண்டி முக்கால் மணி. அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருப்பாள்.

நேபாளத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழக் கால் பங்குக்குச் சமமான பணம், வெளிநாடுகளில் உழைக்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்புவது. படிக்கும்போது அது ஒரு புள்ளிவிவரம். அந்தச் சமையலறை வாசலில் நின்றபோது, கால் பங்கு வீடுகளில் சாப்பாட்டு வேளையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்பதுபோல எனக்குத் தோன்றியது. என் குழந்தைக்கு நான் கொடுக்க முடியாத காலத்தை இவரிடமிருந்து வாங்கினேன். இவரோ அந்தக் காலத்தைத் தம் குழந்தையிடமிருந்து எடுத்து எனக்கு விற்கிறார். நான் கொடுத்தது சோற்றின் விலை. அந்தக் காலத்துக்கு யார் விலை போடுவது?

புறப்படும்போது அந்தப் பையனிடம், "கானா கானு பயோ என்றால் என்ன?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். எங்கள் ஊரில் பார்த்தவுடன் அப்படித்தான் கேட்போம்" என்றான்.

மூன்று மாதமாக ஒரு மனிதர் என்னிடம், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டிருக்கிறார். நான் மூன்று மாதமாக, மூன்று தால்-பாத், ஒரு தட்டு மொமோ என்று பதில் சொல்லியிருக்கிறேன். நம் ஊரிலும் அதுதானே முதல் கேள்வி? அவர் என் அம்மாவின் கேள்வியைக் கேட்டார். நான் கடைக்காரனின் பதிலைச் சொன்னேன்.

அன்று இரக்கம் பொங்கிவிட்டது. இரக்கம் பொங்கினால் படித்தவன் செய்கிற காரியம் ஒன்றுதான்: பர்ஸைத் திறப்பது. அடுத்த புதன்கிழமை, விலைக்கு மேல் பத்துப் பவுன் மேடையில் வைத்துவிட்டு, அவர் பார்ப்பதற்குள் வந்துவிட்டேன். அதற்கடுத்த புதன்கிழமை எங்கள் பொட்டலத்தில் நாங்கள் கேட்காத இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் மொமோ, மற்றொன்றில் செல் ரொட்டி என்ற வளையல் போன்ற பலகாரம், தசைன், திகார் பண்டிகைகளுக்கு அரிசி மாவில் சுடுவது. குழந்தைகளுக்காம். காசு வாங்க மறுத்துவிட்டார். எனக்குத் தோல்விதான், ஆனால் நல்ல தோல்வி. என் இரக்கத்தை அவர் இரக்கமாக வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. ஒரு வீட்டார் கிண்ணத்தில் பண்டம் கொடுத்தால், அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தராமல் நம் அம்மாக்கள் ஏதாவது போட்டுத் தருவார்களே, அப்படி என் கிண்ணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

அப்படியானால் வாங்குவதை நிறுத்திவிட வேண்டுமா? நிறுத்தினால் அவர் பெண்ணுக்குத் தகப்பன் திரும்பிவிடப் போவதில்லை. அவள் பள்ளிக்கூடச் சம்பளந்தான் நின்றுபோகும். உலகத்தின் ஏற்றத்தாழ்வை என் வீட்டு அடுப்பை மூட்டி நான் சமன் செய்துவிட முடியாது. அது அரசாங்கங்களும் சட்டங்களும் செய்ய வேண்டிய காரியம். அதைக் கேட்பதும் என் கடமைதான். ஆனால் அது நடக்கும்வரை, மேடைக்கு இப்புறம் நிற்கிற நான் எப்படி நிற்பது என்பது என் கையில் இருக்கிறது.

நான் கண்ட விடை மிகவும் சாதாரணமானது. விலைக்கு வாங்கலாம்; வெட்கப்பட வேண்டாம். ஆனால் விலை என்பது கடனின் முதல் தவணை, முழுக் கடனுமல்ல. பாக்கியைப் பணத்தால் கட்ட முடியாது. நாணயத்தால் மேடையைத் தட்டாமல் இருப்பது ஒரு தவணை. நன்றாக இருந்தது என்று சொல்வது ஒரு தவணை. சோறு தானாக வருவதில்லை, அதற்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைப்பது ஒரு தவணை. இந்தக் கடன் அடையவே அடையாது. அடைந்துவிட்டது என்று எண்ணும்போதுதான் நாம் கெட்டுப்போகிறோம். அம்மாவின் கடன் அடையாது என்பதை ஒப்புக்கொள்கிற நமக்கு, மற்றவர்கள் விஷயத்தில் மட்டும் ரசீது வாங்கிக்கொள்ள ஏன் இத்தனை அவசரம்?

மறுநாள் காலை அம்மா கேட்டாள்: "நேற்று என்ன சமையல்?"

"நாங்கள் சமைக்கவில்லை, அம்மா. ஹோட்டலில் வாங்கினோம். மூன்று மாதமாகப் புதன்கிழமை அப்படித்தான்" என்றேன். பெண் காலுறையைப் போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் ஊஞ்சல் சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்டது. "குழந்தைகள் சாப்பிட்டதுகளா?" என்றாள் அம்மா.

"வயிறாரச் சாப்பிட்டார்கள்."

"யார் சமைக்கிறது அங்கே?"

சொன்னேன். பொக்கராவையும், அந்தச் சிறுமியையும், உப்பு டப்பாவையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அம்மா, "அந்தப் பிள்ளை எத்தனை மணிக்குச் சாப்பிடுவான்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அவர் சமைத்ததை மூன்று மாதம் சாப்பிட்டிருக்கிறேன், அது தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை, அவர் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் நானே கேட்டேன். என் உச்சரிப்பு தவறாகத்தான் இருந்திருக்கும். மேடைப் பையன் வாயைப் பொத்திக்கொண்டான். அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. கடை மூடிய பிறகு, பதினொரு மணிக்குமேல்தான் என்றார். "நீங்கள்?" என்றார்.

"இன்னும் இல்லை" என்றேன். அதற்குப் பிறகுதான் என்ன வேண்டும் என்று சொன்னேன்.